கண்டதும் காணச் சென்றதும்

வட அமெரிக்காவின் இனப்பெருக்ககாலப் பறவைக் கணக்கெடுப்பு, பறவையியலாளர் சாண்ட்லர் ராபின்ஸின் முயற்சியால் 1966-இல் தொடங்கியது. பூச்சிக்கொல்லிகள் பறவைகளை அழிக்கின்றனவா என்ற கேள்விக்குக் கண்டம் தழுவிய பதில் தேவைப்பட்ட காலம் அது. முறை எளிமையானது. சுமார் 40 கிலோமீட்டர் சாலையில் 800 மீட்டருக்கு ஒன்றாக 50 நிறுத்தங்கள். சூரிய உதயத்துக்கு அரைமணி நேரம் முன்பே தொடங்கி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூன்று நிமிடம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எண்ணுவார்கள். 1970-க்குப் பிறகு வட அமெரிக்கா ஏறத்தாழ 290 கோடிப் பறவைகளை இழந்திருக்கிறது என்று 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வுக்கு இந்தத் தரவு முக்கிய அடிப்படை. இவ்வளவு கனமான முடிவைத் தாங்கும் அட்டவணைகள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதை, புதிதாகக் கள ஆய்வு தொடங்கும் எவரும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இந்தத் தரவுத்தளத்தின் தலையாய பலம் ஒரு பிரிப்பில் இருக்கிறது. பறவைகளின் எண்ணிக்கை ஒரு கோப்பில். அதை எண்ணச் சென்ற பயணம் இன்னொரு கோப்பில். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வெப்பநிலை, காற்று, வானம், கணக்கெடுத்தவருக்கான எண் ஆகியவை பயணக் கோப்பில் ஒரே வரியாக அமர்கின்றன. இரு கோப்புகளையும் ஒரு பொது எண் இணைக்கிறது. ஒரு பாதையில் ஓர் இனத்துக்கு இந்த ஆண்டு வரியே இல்லை என்று வையுங்கள். பறவை தென்படவில்லையா, ஆளே போகவில்லையா? பயணக் கோப்பில் அந்த ஆண்டுக்கு வரி இருந்தால் அது உண்மையான பூஜ்ஜியம். இல்லாவிட்டால் அந்த ஆண்டைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஓர் இனம் ஓரிடத்தை விட்டு மறைந்ததைச் சொல்பவை பூஜ்ஜியங்கள்தான். கண்ட பறவைகளை மட்டும் ஒரே எக்செல் தாளில் அடுக்கிவைக்கும் ஆய்வுகள் அவற்றை இழந்துவிடுகின்றன.

கணக்கெடுத்தவர் யார் என்பதைப் பயணத்தோடு சேர்த்துவைத்ததும் தொலைநோக்கான செயல். புதிதாக வருபவர்கள் முதல் ஆண்டில் குறைவாகவே எண்ணுகிறார்கள் என்பதை 1990-களில் ஆய்வாளர்கள் கண்டறிந்து, போக்குகளைக் கணக்கிடும்போது அதற்கு ஈடுசெய்தார்கள். அந்த ஒரு நெடுவரிசை இல்லாவிட்டால் ஆள் மாறியதையும் பறவை பெருகியதையும் பிரித்தறிய வழியே இருந்திருக்காது.

பெயர்களைக் கையாண்ட விதமும் பாராட்டத்தக்கது. ட்ரெயில் ஈப்பிடிப்பான் என்று ஒன்றாக எண்ணப்பட்ட பறவை 1973-இல் ஆல்டர், வில்லோ என இரு இனங்களாகப் பிரிக்கப்பட்டது. உருவத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. குரலால்தான் தெளிவாகப் பிரிக்க முடியும். பழைய பதிவுகளை ஊகத்தில் ஏதோ ஒன்றின் கணக்கில் தள்ளாமல், இரண்டில் எது என்று தெரியாதவற்றுக்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். களத்தில் உறுதியாகத் தெரியாததை அட்டவணை தெரிந்ததாகக் காட்டக் கூடாது என்ற நேர்மை அது.

குறைகள் நிறுத்தங்களின் மட்டத்தில் தொடங்குகின்றன. தொடக்க காலம் முதல் முழுமையாகக் கிடைக்கும் கோப்பில் பத்துப் பத்து நிறுத்தங்களின் கூட்டுத்தொகைதான் இருக்கிறது. நிறுத்தவாரி எண்கள் 1997 முதல்தான். கூட்டியதைத் திரும்பப் பிரிக்க முடியாது. 17-வது நிறுத்தத்தருகே காடு வெட்டப்பட்டதா என்ற கேள்விக்குப் பழைய கூட்டுத்தொகையிடம் பதில் இல்லை.

நிறுத்தவாரிக் கோப்பிலோ ஸ்டாப்1 முதல் ஸ்டாப்50 வரை ஐம்பது நெடுவரிசைகள். கடந்துபோன வாகனங்களுக்குத் தனிக் கோப்பில் கார்1 முதல் கார்50, இரைச்சலுக்கு நாய்ஸ்1 முதல் நாய்ஸ்50. போக்குவரத்து மிகுந்த இடங்களில் பறவைக் குரல் குறைவாகப் பதிவாகிறதா என்று அறிய விரும்புபவர் ஸ்டாப்17-ஐ கார்17-உடன், ஸ்டாப்18-ஐ கார்18-உடன் என்று ஐம்பது முறை பொருத்த வேண்டும். எந்த நிறுத்தம் என்பது ஒரு தரவு. அது வரிக்குள் மதிப்பாக இல்லாமல் நெடுவரிசையின் பெயருக்குள் புதைந்திருப்பதால் வரும் சிக்கல் இது. எட்கர் காட் 1970-இல் முன்வைத்த உறவுமுறைத் தரவுத்தளக் கோட்பாட்டைப் பின்பற்றி வடிவமைப்பவர்கள் இத்தகைய எண்ணிட்ட நெடுவரிசைகளை முதல் வேலையாகக் கலைத்துவிடுவார்கள்.

ஐம்பது நெடுவரிசைகள் கொண்ட இந்த அகலமான அட்டவணைக்கும் நியாயம் உண்டு. களத்தாளும் அதே வடிவில் இருந்தால் பார்த்துப் பதிவது எளிது, தவறு உடனே கண்ணில் படும். தன்னார்வலர்களை நம்பி நடக்கும் பணியில் இதை அலட்சியப்படுத்த முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நெடுவரிசைகளை வரிகளாக மாற்றி அட்டவணையை நெட்டாக்கினால் மட்டும் தீர்ந்துவிடாது. 60 இனங்கள் பதிவான ஒரு பாதையில் இனத்துக்கும் நிறுத்தத்துக்கும் ஒரு வரி என்றால் 3,000 வரிகள், பெரும்பாலானவை பூஜ்ஜியம். அவற்றை நீக்கிவிட்டு, எந்தெந்த நிறுத்தங்களில் நின்றார்கள் என்பதையும் எழுதாமல் விட்டால், பயண மட்டத்தில் காப்பாற்றிய பூஜ்ஜியங்களை நிறுத்த மட்டத்தில் தொலைத்தவர்களாவோம்.

ஆகவே என் பரிந்துரை இது: பாதை, பயணம், நிறுத்தம், எண்ணிக்கை என நான்கு அட்டவணைகள், நின்ற ஒவ்வொரு நிறுத்தத்துக்கும், ஒரு பறவைகூட இல்லாவிட்டாலும், நிறுத்த அட்டவணையில் ஒரு வரி, இனப்பெயர்களுக்குத் தனி அட்டவணை, களத்தில் எழுதிய பெயரோ மாற்றமின்றி எண்ணிக்கை வரியிலேயே. பதிவுத்திரை அகலமாக இருக்கட்டும், சேமிப்பு நெட்டாக இருக்கட்டும்.

பூஜ்ஜியத்தைக் காக்கும் வழி இங்கேயும் உண்டு. தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பறவைகளைக் கணக்கெடுப்பவர்கள் இபேர்ட் இணையதளத்தில் பட்டியலை ஏற்றும்போது, அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் சேர்த்துவிட்டீர்களா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் தருகிறார்கள். முழுப் பட்டியலில் இல்லாத பறவையை 'பதிவாகவில்லை' என்று எடுத்துக்கொள்ளும் உரிமையை ஆய்வாளருக்குத் தருவது அந்த ஒற்றைப் பதில்தான். புதிய ஆய்வுக்கு அட்டவணை வரைபவர்கள் இனங்களின் பெயர்களை அடுக்குவதற்கு முன், யார், எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் தேடினார்கள் என்பதற்கான அட்டவணையை வரைய வேண்டும். பின்னால் வருபவர்கள் பெயர்களைத் திருத்திக்கொள்ளலாம், வரிகளை மாற்றி அடுக்கிக்கொள்ளலாம். பதிவு செய்யாமல் விட்ட தேடலை யாராலும் மீட்க முடியாது.