வெளியே நிற்பவர்களுக்கான கலை

காட்டுமன்னார்கோயிலில் யாரையாவது நிறுத்தி, 'அமைதியா உட்கார ஒரு தோட்டம், பக்கத்திலேயே பார்க்க நாலு நல்ல சிற்பம், எங்கே கிடைக்கும்?' என்று கேட்டுப் பாருங்கள். 'அதுக்கெல்லாம் பாண்டிச்சேரி போகணும் சார்' என்று பதில் வரும். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர் என்றால் 'சோழமண்டலம்' என்பார். சென்னைக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் 1966-இல் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து உருவாக்கிய கிராமம். மரத்தடியில் நவீன சிற்பங்கள் நிற்கும். நல்ல இடம்தான்.

ஆனால் காட்டுமன்னார்கோயில்காரர் அதற்காக பஸ் ஏற வேண்டியதில்லை. அவர் ஊரைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற சமாசாரங்களை வைத்தே பெரிய திறந்தவெளி மியூசியம் ஒன்றை நடத்தலாம். பெயர்ப்பலகை இல்லாததால் யாரும் அதை அப்படிப் பார்ப்பதில்லை.

நமக்குப் பூங்கா என்றால் ஒரு தனி இலக்கணம் இருக்கிறது. சுற்றிலும் கம்பி வேலி. உள்ளே சிமெண்டில் ஒரு மான், கால் உடைந்து உள்ளிருக்கும் கம்பி தெரிய நிற்கும். வாயைப் பிளந்துகொண்டு ஒரு முயல், குப்பை போட. துருப்பிடித்த ஊஞ்சல். ஸ்பீக்கர் இருந்தால் அதில் பாட்டு. மொத்தப் பூங்காவிலும் நல்ல கருங்கல்லில் சுத்தமாக வேலை செய்த ஒரே பொருள், திறப்பு விழாக் கல்வெட்டு. இதைப் பார்த்துப் பார்த்துத்தான், அமைதியும் கலையும் நம்ம ஊருக்கு ஒத்துவராத ஐட்டம் என்று முடிவு கட்டிவிட்டோம்.

முதலில் தோட்டத்தைப் பார்த்துவிடுவோம். வீராணம் ஏரிக்கரை. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டியது. அவனுடைய பட்டப்பெயர் வீரநாராயணன். ஏரிக்கும் அதுதான் பெயர், ஊரில் இருக்கிற பெருமாளுக்கும் அதுதான். நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர் இது. 1950-இல் கல்கி 'பொன்னியின் செல்வ'னைத் தொடங்கியபோது வந்தியத்தேவனைக் குதிரையில் ஏற்றி முதலில் அனுப்பியது இந்தக் கரைமேல்தான். சுமார் பதினாலு கிலோமீட்டர் நீளம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். எந்தத் தோட்டக்கலை நிபுணரும் இதைவிட அகலமான காட்சியை வரைந்து கொடுக்க முடியாது.

அடுத்து, எழுத்து. ஊரை ஒட்டி உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் சுவரில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆதித்த கரிகாலன் கொலையில் துரோகிகள் என்று ரவிதாசன் முதலானவர்களின் பெயர்களைச் சொல்லி, அவர்கள் நிலபுலன்களைப் பறிமுதல் செய்த விவகாரத்தைப் பேசுகிறது. அரசாங்கக் கோப்பு என்றால் இன்று பூட்டி வைப்பார்கள். அன்றைக்குக் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள்.

பிறகு மேலக்கடம்பூர். 'பொன்னியின் செல்வன்' வாசகர்கள் கடம்பூர் மாளிகையைத் தேடிப் போனால் மாளிகை கிடைக்காது. கிடைப்பது அதைவிட நல்லது. முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சின்னக் கோயில். கருவறையையே தேராக நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். அடித்தளத்தில் சக்கரங்கள், இழுத்துப் போகக் குதிரைகள். தாராசுரத்தின் கல் தேர் இதற்குப் பிந்தியது. கொனாரக் தேர் அதற்கும் பிந்தியது. கொனாரக்கை உலகமே பார்க்கிறது. கடம்பூரை ஐந்து நிமிஷத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம். இரண்டாவது சுற்றுதான் முக்கியம். முதல் சுற்றில் 'தேர்' என்று புரியும். இரண்டாவதில்தான் ஒவ்வொரு உருவமாகக் கண்ணில் பட ஆரம்பிக்கும்.

இப்படிச் சுற்றி வந்து பார்க்கச் செய்த கலையை நாம் நின்ற இடத்தில் ஒரு செல்ஃபியில் முடித்துக்கொள்கிறோம். இந்தச் சிற்பங்களைச் செய்தவன் ஃபோகஸ் லைட்டை நம்பவில்லை. வெயிலை நம்பினான். மத்தியானத்தில் தட்டையாகத் தெரிகிற ஒரு முகம், வெயில் சாயும்போது மூக்கும் உதடுமாகக் கல்லிலிருந்து எழுந்து வரும். ஒரு சிற்பத்தைப் பார்த்துவிட்டேன் என்று சொல்ல வேண்டுமானால் குறைந்தபட்சம் இரண்டு வேளை பார்த்திருக்க வேண்டும்.

மேற்கே மீன்சுருட்டி வழியாகப் போனால் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திரன் கட்டியது. தஞ்சை விமானம் நேர்கோடாக ஏறும். இது உள்வாங்கி வளைந்து ஏறும். உயரம் சுமார் 180 அடி, அப்பா கட்டியதைவிடக் கொஞ்சம் குறைச்சல். 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சுற்றிலும் தொல்லியல் துறை வளர்த்திருக்கிற புல்வெளி.

இந்தப் புல்வெளியைப் பற்றி எனக்கு இரண்டு அபிப்பிராயம் உண்டு. வெயில் ஊரில் புல் வளர்ப்பது வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம். தண்ணீர் குடிக்கும், நிழல் தராது. பகல் இரண்டு மணிக்குக் கல் தரையில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் தெரியும், அங்கே வேண்டியது புல்லா மரமா என்று. ஆனால் இன்னொரு பக்கம், அந்தப் பச்சை கடைகளையும் பந்தல்களையும் ஃப்ளெக்ஸ்களையும் எட்ட நிறுத்தி வைத்திருக்கிறது. விமானத்தை எட்டி நின்று முழுசாகப் பார்க்க இடம் விட்டிருக்கிறது. மண்டபத்து நிழலில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். டிக்கெட் இல்லை. ஒரே சிற்பியின் இருநூறு சிற்பங்களுக்கு மேல் வைத்திருக்கிற ஆஸ்லோ நகரத்து விகலான் பூங்காவுக்கும் டிக்கெட் கிடையாது என்பதை உலக அதிசயமாக எழுதுவார்கள். நமக்கு இது பழைய பழக்கம்.

அங்கே வடக்குப் படிக்கட்டு ஓரமாக ஒரு சிற்பம். ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் அதைப் பாருங்கள். சிவன் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் பார்வதி. கீழே கைகூப்பி, தலை குனிந்து சண்டேசர். அந்தத் தலையில் சிவன் பூமாலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறார். மணலில் லிங்கம் பிடித்துப் பால் ஊற்றிய பையன், தடுத்த அப்பாவின் காலையே வெட்டியவன். அத்தனை ரத்தமும் கோபமும் கதையில் இருக்க, சிற்பி எடுத்துக்கொண்டது மாலை கட்டுகிற கணத்தை. பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிற தகப்பன்மாதிரி அந்த விரல்கள் வேலை செய்கின்றன.

கங்கை வரை படை அனுப்பிய ராஜேந்திரன், சண்டேசர் உருவத்தில் தன்னையே குறிப்பாகக் காட்டிக்கொண்டான் என்று கலை வரலாற்று அறிஞர்கள் சிலர் சொல்வதுண்டு. அது உண்மையென்றால், இந்த நாட்டின் மிகப் பெரிய வெற்றிச் சின்னங்களில் ஒன்று, ராஜா தலை குனிந்திருக்கிற சிற்பம். 2025 ஜூலையில் ஆடித் திருவாதிரை விழாவுக்கு அங்கே வந்த பிரதமர், ராஜராஜனுக்கும் ராஜேந்திரனுக்கும் தமிழ்நாட்டில் பிரம்மாண்டமான சிலைகள் எழுப்பப்படும் என்று அறிவித்தார். எழுப்பட்டும். எந்தக் கட்சி ஆட்சியிலும் நமக்குச் சிலை என்றால் உயரம்தான். செய்கிறவர்கள் ஒரு சாயங்காலம் இந்தப் படிக்கட்டு ஓரம் வந்து நின்றுவிட்டுப் போனால் நல்லது.

இந்தக் கோயிலைச் சுற்றி இருந்த பெரிய மதில் எங்கே என்று கேட்காமல் யாரும் திரும்பக் கூடாது. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கல்லுக்காக இந்தக் கோயிலின் சுற்றுச்சுவரைப் பெயர்த்தார்கள். தடுக்கப் பார்த்த ஊர் ஜனங்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. பதிலுக்குச் செங்கல் சுவர் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் நிறைவேறவில்லை என்று 19-ஆம் நூற்றாண்டுப் பதிவு ஒன்று வெட்கத்தோடு எழுதி வைத்திருக்கிறது.

அந்தக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத்தான் வீராணத்துக்குத் தண்ணீர் வருகிறது. 2004-இலிருந்து அந்தத் தண்ணீர் குழாயில் சென்னைக்கும் போகிறது. சென்னை வீட்டுக் குழாயில் வருகிற வீராணம் தண்ணீர், கோயில் கல்லைத் தொட்டுவிட்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். விவசாயத்துக்கு அணை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. கல்லுக்கு வேறு மலையே இல்லையா என்று கேட்கலாம். பக்கத்தில் சும்மா கிடக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. வெளியில் இருக்கிற கலைக்கு எப்போதும் இதுதான் ஆபத்து. பூட்டு இல்லாததால் சொந்தக்காரரும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

கடைசியாகச் சிதம்பரம். கோபுரம் என்றால் தலை தானாக மேலே போகும். சுதைப் பொம்மைகளின் பெயிண்ட் அப்படி இழுக்கும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வாசலுக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கச் சுவரையும் பாருங்கள். சதுரம் சதுரமாக, ஒன்றன்மேல் ஒன்றாக, நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்கள். கிழக்குக் கோபுரத்தில் ஒவ்வொன்றுக்கும் உரிய சுலோகமும் வெட்டியிருக்கிறது. தஞ்சாவூரிலும் கரணங்கள் உண்டு. அங்கே ஆடுகிறவர் சிவன். 81 முடித்து, மிச்சக் கல்லை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். அது விமானத்தின் மேல்தளத்துக்குள். பொதுமக்கள் பார்க்க முடியாது. சிதம்பரத்தில் ஆடுகிறவர்கள் பெண்கள். இடம் வாசல். பூக்காரி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை, வெளியூர் யாத்திரிகர் எல்லாரும் தினமும் அதை உரசிக்கொண்டு போகிறார்கள். உள்ளறையிலிருந்து வாசலுக்கு வந்த இந்த நகர்வை நான் பெரிய கலைப் புரட்சி என்பேன்.

'ஆகவே நம் கலை எல்லோருக்குமானது' என்று இங்கே சுபம் போட்டுவிடலாம். முடியாது. நந்தன் இந்தப் பக்கத்துக்காரர். பெரிய புராணம் சொல்கிற ஆதனூர் காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஆதனூர்தான் என்பது இங்குள்ளவர்கள் நம்பிக்கை. 'நாளைப் போவேன்' என்று சொல்லிச் சொல்லியே பெயர் வாங்கியவர். திருப்புன்கூரில் அவர் பார்ப்பதற்காக நந்தி விலகியது என்பது கதை. கல் நந்தி விலகியிருக்கிறது. மனுஷன் விலகி வழிவிட 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் போட வேண்டியிருந்தது. கரணங்கள் வாசலில்தான் இருந்தன. அந்த வாசலுக்கு வர முடியாதவர்களும் இருந்தார்கள்.

அதனால், திறந்தவெளிக் கலை எவ்வளவு நல்லது என்பதைச் சிற்பியை மட்டும் வைத்து எடை போட முடியாது. அங்கே போகிற பாதை யாருக்கெல்லாம் திறந்திருக்கிறது, போனால் உட்கார விடுகிறார்களா, உட்கார்ந்தால் காது சும்மா இருக்குமா – இதெல்லாமும் சேர்ந்ததுதான் மார்க்கு. சிற்பத்துக்கு நூற்றுக்கு நூறு. பாதைக்கு இப்போது பாஸ் மார்க். மற்றதில் இன்னும் தேறவில்லை.

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒலி ஒளிக் காட்சி வேண்டவே வேண்டாம். புல்லுக்கு நடுவே நாலு வேம்பு, இரண்டு புங்கை. சுத்தமான கழிப்பறை, பெண்கள் தயங்காமல் நுழைகிற மாதிரி. காட்டுமன்னார்கோயில், கடம்பூர், சோழபுரம் மூன்றையும் சேர்த்துச் சுற்றி வர ஒரு டவுன் பஸ். ஒவ்வொரு சிற்பத்துக்கும் பக்கத்தில் பத்தாம் கிளாஸ் பிள்ளைக்குப் புரிகிற தமிழில் நாலு வரி. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஸ்பீக்கர் இல்லாத இரண்டு மணி நேரம்.

அந்த இரண்டு மணி நேரம் கிடைத்தால், சண்டேசருக்கு எதிரே சும்மா உட்காருங்கள். வெயில் சாயட்டும். மாலை கட்டுகிற விரல்களைக் கடைசி வெளிச்சம் வரைக்கும் பாருங்கள்.