காணாமையும் இன்மையும்

காணப்படாத பொருள் இல்பொருளே என்பார் ஒருசாரார். கட்புலனாகாத பலவற்றை அறிவியலே உடன்படுதலின், கடவுளுண்மையையும் அவ்வழியே நாட்டலாம் என்பார் பிறிதொரு சாரார். முன்னவர் உலகாயதர் வழிவந்தோர்; பின்னவர் சமயப் பற்றுடையோர். தம்முள் மாறுபட்டோரெனினும், காணாமை யாண்டும் ஒரு தன்மைத்தே எனக் கொண்டமையான் இருவரும் ஒரு பிழையையே உடையர்.

முன்னவர் கூற்றை அறிவியல் வரலாறே மறுக்கும். யுரேனஸ் என்னும் கோளின் இயக்க வேறுபாட்டை ஏதுவாகக் கொண்டு, அதற்கப்பால் வேறொரு கோள் உண்டெனப் பிரெஞ்சு வானநூலார் லெவெரியே கருதலளவையாற் கூறினார். அவர் குறித்த இடத்திற்கு அணித்தே, 1846-இல் பெர்லின் வானாய்வு நிலையத்திற் காலே என்பார் நெப்டியூனைக் கண்டார். காணப்படுமுன்னும் அஃது உள்பொருளே. ஆயின், புதனின் இயக்க வேறுபாடு பற்றி 1859-இல் ஞாயிற்றுக்கு அணித்தாய் மற்றொரு கோளையும் லெவெரியே கருதிக் கூறினார். வல்கன் எனப் பெயரிட்டுப் பன்னாள் தேடியும் அஃது அகப்பட்டிலது. அவ்வேறுபாடு அத்தகைய கோளின்றியே நிகழுமென 1915-இல் ஐன்ஸ்டைன் தம் பொதுச் சார்பியற் கொள்கையாற் காட்டினார்.

கருதினார் ஒருவரே, முறையும் ஒன்றே. ஒன்று மெய்யாயிற்று, மற்றொன்று பொய்யாயிற்று. இதனாற் பெறப்படுவது யாது? காணாமை தானே இன்மையைச் சாதியாது. உளதாயின் காணப்படற்பாலது, காண்டற்குரிய ஏதுக்கள் அமைந்தும் காணப்படாவழியே இன்மை துணியப்படும். அளவை நூலார் அநுபலத்தியை ஏதுவாகக் கொள்ளுதலும் இவ்வரையறை பற்றியே என்க.

இனிப் பின்னவர் கூற்றை ஆராய்வாம். 1930-இல் பௌலி கருதிக் கூறிய நியூட்ரினோ என்னும் நுண்டுகள், 1956-இல் கோவன், ரைன்ஸ் என்னும் இருவர் ஆய்வில் அதன் விளைவு வாயிலாக உறுதிப்பட்டது. ‘கடவுளும் இதுபோல்வர்’ என்பார் தம் கொள்கைக்குத் தாமே கேடு சூழ்வர். என்னை? அத்துகள் முன்னர்ப் புலப்படாமைக்குக் காரணம் பிற பொருளொடு அஃது அரிதிற்றாக்குறுதலும் கருவியின் குறைபாடுமேயாம். இறைவனும் அன்னனாயின், கருவி திருந்தியவழிச் சுட்டியறியப்படுவன். சுட்டியறியப்படுவது அசத்து, எவ்வாற்றானும் அறியப்படாதது சூனியம். இவ்விருதிறனும் அன்றி நிற்பதே சிவசத்தென்பது சிவஞானபோத ஆறாஞ் சூத்திரத் துணிபு.

அற்றேல், அறிவியல் பயனிலதோ எனின், அன்று. மாயையின் காரியங்களை ஆராய்தல் அதன் எல்லை. அவ்வெல்லையுள் அதன் முடிபு கொள்ளற்பாலதே. பல்நோவுடையான் ஒருவனது நரம்பின் மாறுதலைக் கருவி காட்டும். நோவை நோவாக உணர்தல் அவனது தன்வேதனைக் காட்சிக்கே உரியது. தன் நோவே பிறன் கருவிக்கு அகப்படாதெனின், அந்நோவை அறியும் உயிர் அகப்படுமாறு யாங்ஙனம்?

கண் உருவைக் காணும், தன்னைக் காணாது, தன்னொடு நின்று காட்டும் உயிரையும் காணாது. அவ்வாறே உயிரும், தனக்கு உயிராய் நின்று காட்டும் முதல்வனைப் புறப்பொருள்போற் சுட்டிக் காணமாட்டாது. இக்காணாமை சேய்மையான் வந்ததன்று; நுண்மை மாத்திரையான் வந்ததுமன்று; பிரிவின்றி உடனாய் நிற்றலான் வந்ததாம். ஆகலின், தொலைநோக்கியைப் பெரிதாக்குதல் இதற்கு மருந்தன்று. திருவருள் உணர்த்த உணர்தலே நெறியாம். இவ்வேறுபாடு தேறாது அறிவியலின் சான்றை இறைவனுக்குத் தேடுவோர், நாளை அச்சான்று மாறியவழித் தம் அன்பையும் இழப்பர். அன்பு வல்கனைப்போற் கைவிடப்படும் கருதுகோளாதல் கூடாது.