நான்கு உள்ளங்கை ரப்பர்

காரவள்ளியைத் தாண்டியதும் கொல்லிமலை ஏற்றம் தொடங்கிவிடும். சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஐப்பசி மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகாத காலை. தார் கறுத்து மினுங்குகிறது. வளைவுகளின் உள்ளோரத்தில் நனைந்த இலைகள் அப்பிக் கிடக்கின்றன. இரண்டாவது கியரில் ஏறி, ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கிய அந்த நொடியே காரின் மூக்கு வளைவுக்குள் நுழைகிறது. பாதி வளைவில் முன்சக்கரம் இலைகளின் மேல் ஏறும்போது ஸ்டியரிங்கின் கனம் ஒரு துளி குறைகிறது. இங்கே பிடி குறைவு என்று கைக்கு வரும் சேதி அது. ஆக்ஸிலரேட்டரை மயிரிழை தளர்த்துகிறேன். கனம் திரும்பி வந்துவிடுகிறது.

அந்த ஒரு துளி கனத்துக்காகத்தான் நான் ஸ்போர்ட்ஸ் டயர் வாங்குகிறேன்.

கேட்பவர்கள் வேகத்துக்காக என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாமக்கல்லிலிருந்து சேலத்துக்கு வேலை நிமித்தம் தினமும் போய்வருகிறவனுக்கு வேகத்தில் என்ன இருக்கிறது? போக ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், வரவும் அதே அளவு. என் டயரின் பக்கவாட்டில் ‘225/45 ஆர் 17 94 டபிள்யூ’ என்று அச்சாகியிருக்கிறது. கடைசியில் உள்ள டபிள்யூ, மணிக்கு 270 கி.மீ. வரை இந்த டயர் தாங்கும் என்பதற்கான குறி. நான்குவழிச் சாலையில் காருக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் 100 கி.மீ.தான். மீதி 170 எனக்குத் தேவையில்லை. ஆனால் 270-ஐத் தாங்குவதற்காக அந்த டயருக்குள் கட்டப்பட்டிருக்கும் உறுதி, 40 கி.மீ. வேகத்தில் வளைவு திரும்பும்போதும் கைக்குத் தெரிகிறது.

நாமக்கல் லாரி ஊர். டயரைப் பற்றிப் பேச ஆள் தேட வேண்டியதில்லை. நான் போகிற கடைக்காரர் லாரி டயரிலேயே தலை நரைத்தவர். புது டயரைக் கொண்டுவந்து போட்டால் முதலில் லேபிளைப் பார்க்க மாட்டார். சாலையைத் தொடும் பட்டன் மேல் கட்டைவிரல் நகத்தை அழுத்துவார். நகத்தின் தடம் எவ்வளவு பதிகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பார். முதல் முறை என் ஸ்போர்ட்ஸ் டயரில் அழுத்திவிட்டு, “தம்பி, இது நல்லாப் பிடிக்குமுங்க. ஆனா சீக்கிரம் தேஞ்சுரும். ரண்டும் ஒண்ணாத்தான் வரும், பாத்துக்குங்க” என்றார். ஆய்வுக்கூடத்தில் கருவி வைத்து அளக்கிற விஷயத்தை அவர் நகம் அளந்துவிட்டது. அவர் சொன்னபடியே நடந்தது. முன்பு போட்டிருந்த சாதாரண டயர் 55,000 கி.மீ. ஓடியது. இது 32,000-இல் முடிந்துபோனது.

அந்த 23,000 கி.மீ. நஷ்டத்துக்கு ஈடாக என்ன கிடைத்தது?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளும் பெட்டியுமாகக் கார் 1,400 கிலோ என்றால் ஒரு சக்கரத்தின் மேல் 350 கிலோ. டயரில் 33 பி.எஸ்.ஐ. காற்று, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ அழுத்தம். வகுத்தால் வருவது ஏறக்குறைய 150 சதுர சென்டிமீட்டர். விரல்களோடு சேர்த்து விரித்து வைத்த ஒரு கை. நான்கு சக்கரத்துக்கும் நான்கு கைகள். எத்தனை குதிரைத் திறன் எஞ்சினாக இருந்தாலும், எத்தனை ஏர்பேக் இருந்தாலும், கார் பூமியைத் தொடுவது இந்த நான்கு கைகளால்தான். ஏபிஎஸ்-கூட டயர் தருகிற பிடியைப் பங்கிட்டுக் கொடுக்குமே தவிர, இல்லாத பிடியை உண்டாக்காது. காருக்கு லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு இந்த நான்கு கைகளில் சிக்கனம் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பந்தய டயரைவிடச் சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் டயரை நான் உயர்ந்த கலையாக மதிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ பந்தயம் பார்த்தவர்கள் ஸ்லிக் டயரைப் பார்த்திருப்பார்கள். பட்டனே இல்லாத மொட்டை. காய்ந்த தாரில் அதற்கு நிகர் எதுவும் இல்லை. ஆனால் சூடேறினால்தான் அதற்கு உயிர் வரும். ஏறும்வரை வழுக்கும், மழை வந்தால் கழற்றியாக வேண்டும், சில நூறு கிலோமீட்டரில் ஆயுள் முடிந்துவிடும். சாலை டயருக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. மார்கழி விடியலில் குளிர்ந்து கிடக்கும் தெருவில், புறப்பட்டு இருநூறு மீட்டருக்குள் ஒரு குழந்தை குறுக்கே ஓடினாலும் அது பிடித்து நிறுத்த வேண்டும். அதே டயர் சித்திரை வெயிலில் கொதிக்கிற தாரில் மணிக்கணக்காக ஓட வேண்டும். அதே டயர் வெள்ளக்காட்டிலும் பிடிக்க வேண்டும். அத்தனையும் ஒரே ரப்பருக்குள்.

அந்த ரப்பர்க் கலவை எப்படி இதைச் சாதிக்கிறது என்பது எனக்கு இன்றும் அலுக்காத அதிசயம். ரப்பர் சாலையை இரண்டு விதமாகப் பிடிக்கிறது. தாரோடு மூலக்கூறு அளவில் ஒட்டி ஒட்டிப் பிரிவது ஒன்று. மற்றொன்று, துருத்தி நிற்கும் ஜல்லி முனைகளைச் சுற்றி அமுங்கி, உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் சற்றுத் தயங்குவது. அந்தத் தயக்கம் பிடிமானமாகிறது. ஈரத்தில் நீர்ப்படலம் முதல் வகைப் பிடியைப் பெரும்பாலும் கெடுத்துவிடும், இரண்டாவதுதான் கைகொடுக்கும். ஆனால் தயங்குகிற ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் சக்தியை வெப்பமாக விழுங்கும், பெட்ரோலைத் தின்னும். பிடி வேண்டுமா, மைலேஜ் வேண்டுமா என்பது டயர்க்காரர்களின் நெடுநாள் சிக்கலாக இருந்தது.

அதை அவிழ்த்தது மணலிலிருந்து எடுக்கும் சிலிக்கா. அதுவரை ரப்பருக்கு வலுவூட்டியது கார்பன் கறுப்பு. டயர் கறுப்பாக இருப்பதற்கே காரணம் அதுதான். 1990-களின் தொடக்கத்தில் மிஷெலின், கார்பன் கறுப்பின் பெரும்பகுதிக்குப் பதில் சிலிக்காவைச் சேர்த்து டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதன் நுட்பத்தைப் பாருங்கள். 80 கி.மீ. வேகத்தில் என் சக்கரம் நொடிக்குப் பதினொரு முறை சுழல்கிறது; அதாவது டயர் முழுதாக அமுங்கி எழுவது நொடிக்குப் பதினொரு முறை. ஆனால் ஜல்லி முனைகள் ரப்பரைத் தட்டுவதோ நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை. சிலிக்கா கலந்த ரப்பர், மெதுவான அமுக்கத்துக்குப் பந்துபோலச் சட்டென்று மீள்கிறது. வேகமான தட்டலுக்கு மட்டும் பிசினாகத் தயங்குகிறது. ஒரே பொருள் இரண்டு தாளங்களுக்கு இரண்டு குணம் காட்டுகிறது! இன்றைக்கு நல்ல ஈரப்பிடி உள்ள கார் டயர் எதை எடுத்தாலும் உள்ளே சிலிக்கா இருக்கும்.

போன வருஷம் ஆண்டகளூர் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், கொட்டுகிற மழையில், எனக்கு முன்னே போன மினி லாரி எந்தச் சிக்னலும் இல்லாமல் நின்றுவிட்டது. நான் 80-இல் போய்க்கொண்டிருந்தேன். பிரேக்கை முழுதாக மிதித்தேன். பெடல் காலுக்கடியில் படபடவென்று துடித்தது. கார் ஒரு பக்கமும் இழுக்கவில்லை. சீட் பெல்ட் நெஞ்சை அழுத்த, நேராக, ஒரே சீராக வேகம் இறங்கியது. நின்றபோது லாரியின் பின்பலகைக்கும் என் பானெட்டுக்கும் நடுவில் இன்னொரு கார் நிறுத்தலாம் போல இடம் இருந்தது. பழைய டயரோடு இதே சாலையில், இதைவிடக் குறைந்த மழையில், ஏபிஎஸ் துடிக்கத் துடிக்கக் கார் வழுக்கிக்கொண்டே போன நாள் எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு எதிரே எதுவும் இல்லாததால் தப்பித்தேன்.

அந்த மழையில் டயர் பார்த்த வேலையையும் சொல்ல வேண்டும். சாலையில் மூன்று மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால், 225 மில்லிமீட்டர் அகல டயர் 80 கி.மீ. வேகத்தில் ஒவ்வொரு நொடியும் விலக்க வேண்டிய தண்ணீர் 15 லிட்டர். ஒரு குடம். நொடிக்கு ஒரு குடம் தண்ணீரை வாரி இறைத்துவிட்டு, அதற்கடியில் தாரைத் தேடிப் பிடிக்கிறது. சுற்றளவு நெடுக ஓடும் அகலமான பள்ளங்கள் இதற்குத்தான். என் டயரில் வடிவம் இருபுறமும் ஒன்றாக இருக்காது: உள்பக்கம் பள்ளங்கள் அதிகம், அது தண்ணீருக்கு, வெளித்தோள் அகலமான கெட்டிப் பட்டன்கள், அவை வளைவுக்கு. இதை மாற்றிப் பொருத்திவிடக் கூடாது என்றுதான் பக்கவாட்டில் ‘வெளிப்பக்கம்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். கடையில் பொருத்தியதும் ஒருமுறை சுற்றிவந்து பார்த்துவிடுங்கள்.

குறைகள் உண்டு. சொரசொரப்பான கான்கிரீட் சாலையில் இரைச்சல் கூடுதல். மிருதுவான ரப்பர் என்பதால் பொடிக்கற்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து வீல் ஆர்ச்சில் டிக் டிக்கென்று வீசும். மைலேஜ் லேசாகக் குறையும். இவற்றையெல்லாம் நான் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்த வேண்டிய குறை ஒன்றுதான்: தாழ்ந்த பக்கச்சுவர்.

1970-களின் நடுவில் பைரெல்லி, லான்சியா ஸ்ட்ராடோஸ் ராலி காருக்காகப் பி7 என்ற டயரைச் செய்தது. அகலத்தில் பாதி உயரமே உள்ள பக்கச்சுவர். அதைத் தாங்கச் சுற்றிலும் நைலான் பட்டை. பிறகு போர்ஷே 911 டர்போவுக்கும் அது போனது. தாழ்ந்த டயர் என்றாலே வீரம் என்ற எண்ணம் பரவியதில் அதற்குப் பங்கு உண்டு. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது: சுவர் தாழ்ந்தால் நெளிவு குறையும், ஸ்டியரிங் கூர்மையாகும். ஆனால் நம் சாலைகளில் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. என் 225/45 ஆர் 17-இன் பக்கச்சுவர் உயரம் 101 மி.மீ. அதே மொத்த உயரத்துக்கு 18 இஞ்ச் ரிம் போட்டால், 225/40 டயரில் 90 மி.மீ.தான் மிஞ்சும். முந்தைய காரில் அப்படி ஒரு இஞ்ச் ஏற்றிப் போட்டேன். ஆறாவது மாதம், இரவில், மழைத் தண்ணீர் நிரம்பிய குழியொன்று டயரையும் ரிம்மையும் சேர்த்து நசுக்கியது. பக்கச்சுவருக்குள் இழைகள் அறுந்து, வெளியே எலுமிச்சை அளவுக்குப் புடைப்பு. அதற்கு ஒட்டும் கிடையாது, வைத்தியமும் கிடையாது. தூக்கிப் போட வேண்டியதுதான். மில்லிமீட்டர் பதினொன்றின் விலை அன்று தெரிந்தது. ரிம்மைப் பெரிதாக்குவது கண்ணுக்கு அழகு. ரப்பரை உயர்த்துவதுதான் கைக்கும் உயிருக்கும் பயன்.

நல்ல டயர் வாங்கிவிட்டால் அதற்குரிய கவனத்தையும் கொடுக்க வேண்டும். காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன் பாருங்கள். சாலையில் ஒரு மணி நேரம் ஓடினால் அழுத்தம் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. ஏறுவது இயல்பு, அதைப் பார்த்துப் பயந்து சூட்டோடு காற்றை இறக்கிவிடாதீர்கள். நான்கு பி.எஸ்.ஐ. குறைந்தாலே ஸ்போர்ட்ஸ் டயர் தன் கூர்மையை இழந்து மந்தமாகிவிடுவதை நான் பலமுறை உணர்ந்திருக்கிறேன். வாங்கும்போது பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடிப் படியுங்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கடையில் இரண்டு வருஷம் கிடந்ததைத் தள்ளுபடிக்காக வாங்காதீர்கள். முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். அச்சிலிருந்து பிரிப்பதற்காகப் பூசிய வழுவழுப்பு அதற்குள் தேய்ந்துபோகும். பூனை முடிபோல நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் இழைகளும் உதிர்ந்துவிடும். பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சின்ன மேடுகள் 1.6 மி.மீ. உயரம், பட்டன் அதுவரை தேயலாம் என்பது விதி. மழையில் ஓட்டுகிறவர்கள் மூன்று மில்லிமீட்டரிலேயே மாற்றிவிட வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது எனக்கு மூன்றாவது செட் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே 17 இஞ்ச், அதே அளவு. அடுத்த முறை நீங்கள் டயர் மாற்றும்போது ரிம்மைத் தொடாதீர்கள். கார் கம்பெனி கொடுத்த அளவிலேயே, உங்கள் கைக்கு எட்டும் விலையில், ஈரத்தில் மிக நன்றாகப் பிடிக்கிற டயரை வாங்குங்கள். நான்கையும் சேர்த்து மாற்றப் பணம் இடங்கொடுக்காவிட்டால் புது இரண்டையும் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்சக்கரம் இழுக்கிற காராக இருந்தாலும் அப்படித்தான். ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்திச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் நம்மில் பெரும்பாலோரால் காரைத் திருப்பிப் பிடிக்க முடியாது.