ஃபர்ம்வேர் தேடும் வரிசை

வைஃபை அட்டை, ப்ளூடூத், கிராஃபிக்ஸ் சில்லு முதலிய சாதனங்களுள் பல, தம்மை இயக்கும் நிரலைத் தமக்குள் நிரந்தரமாக வைத்திராமல், கணினி எழும்போதெல்லாம் வெளியிலிருந்து பெற்றுக்கொள்ளும் இயல்புடையன. ஆதலால், லினக்ஸ் கெர்னல் அந்த ஃபர்ம்வேர்க் கோப்பை எந்த அடைவில் தேடவேண்டும் என்ற கேள்வி, பார்வைக்கு அற்பமாகத் தோன்றினும், சாதனம் உயிர்பெறுமா என்பதை நிர்ணயிக்கும் விஷயமாகிவிடுகிறது.

2012-க்கு முன்பு இந்தத் தேடலைக் கெர்னல் தானே செய்ததில்லை. கோப்பின் பெயரை அறிவித்துவிட்டு, யூடெவ் என்னும் வெளிநிரல் அதைக் கொணர்ந்து கொடுக்கும்வரை காத்திருந்தது. டிரைவர் தன் துவக்கத்தின் நடுவிலேயே ஃபர்ம்வேரைக் கேட்க, துவக்கம் முடிந்த பின்னரே யூடெவ் அதைக் கவனிக்க, இரண்டும் காலக்கெடு தீரும்வரை ஒன்றையொன்று எதிர்நோக்கி முடங்கிய நிலை அவ்வாண்டில் பெரும் சர்ச்சையை விளைவித்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 3.7 பதிப்பில் கெர்னலே கோப்பை நேரே படிக்கும்படி செய்தது, என் அபிப்பிராயத்தில், சரியான தீர்ப்பே.

அப்போது அமைந்த ஒழுங்கு சுருக்கமானது. கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டிய ஃபர்ம்வேர் இருந்தால் அதுவே முதல்; இல்லையேல் நிர்வாகி குறித்துக்கொடுத்த பாதை; அதன்பின் ‘/லிப்/ஃபர்ம்வேர்’ அடைவிலுள்ள ‘அப்டேட்ஸ்’ பிரிவில் கெர்னலின் பதிப்பெண் தாங்கிய உட்பிரிவு, பிறகு ‘அப்டேட்ஸ்’ பிரிவு, பிறகு மூல அடைவிலேயே பதிப்பெண் தாங்கிய பிரிவு, கடைசியாக மூல அடைவு. புதிய ஃபர்ம்வேரைப் பரீட்சிக்க விரும்புவோர், ஏற்கெனவே நிறுவப்பட்ட கோப்பின்மீது கைவைக்காமல், ‘அப்டேட்ஸ்’ பிரிவில் புதியதை வைத்துப் பார்த்து, ஒவ்வாவிடில் நீக்கிவிடலாம். நிக்ஸ்ஓஎஸ் போன்ற, வழக்கமான ‘லிப்’ அடைவையே நம்பாத அமைப்புகளுக்கோ, நிர்வாகி குறிக்கும் அந்தத் தனிப்பாதை ஜீவாதாரமானது.

ஆயினும் இந்த வரிசை, தோற்றமளிக்கும் அளவுக்குக் கண்டிப்பானதன்று. இடத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு எக்ஸ்இசட் முறையில் சுருக்கிய கோப்புகளை 5.3 பதிப்பிலும், இசட்ஸ்டாண்டர்ட் முறையில் சுருக்கியவற்றை 5.19 பதிப்பிலும் கெர்னல் ஏற்கத் தொடங்கியது. அது தேடும் விதத்தைக் கூர்ந்து நோக்கினால் ஒரு விநோதம் புலப்படும்: முதலில் எல்லா அடைவுகளிலும் சுருக்காத கோப்பைத் தேடி, எங்கும் கிடைக்காதபோதுதான், சுருக்கிய கோப்புக்காக மீண்டும் முதல் அடைவிலிருந்து தொடங்குகிறது. ஆகவே, நிர்வாகி தம் தனிப்பாதையில் ஆசையோடு வைத்த சுருக்கிய புதுக்கோப்பை, மூல அடைவின் மூலையில் கிடக்கும் சுருக்காத பழங்கோப்பு சத்தமின்றித் தோற்கடித்துவிடக்கூடும். பயனரோ, புதிய ஃபர்ம்வேரும் பயனற்றது என்று சாதனத்தைக் குறைகூறுவார்.

இதனினும் பெரிய குறை கெர்னலின் மௌனம். கோப்பு கிடைக்காவிடில், இன்ன கோப்பின் நேரடி ஏற்றம் பிழை எண் -2 உடன் தோல்வியுற்றது என்று மட்டும் பதிவேட்டில் ஒரு வரி எழுதுகிறதேயன்றி, எந்தெந்த அடைவுகளில் தேடியது என்று சொல்வதில்லை. கிடைத்துவிட்டாலோ, எங்கிருந்து எடுத்தது என்பதைப் பிழைதிருத்தப் பதிவை இயக்கினாலன்றி அறியமுடியாது. தனிப்பாதையை எக்கோ கட்டளையால் எழுதியவர்கள் இதன் பலனை நன்கு அனுபவித்தனர். அக்கட்டளை இறுதியில் சேர்க்கும் வரிமுறிவையும் பாதையின் அங்கமாகவே கெர்னல் நெடுங்காலம் கருதிவந்தது. பின்னர் அது திருத்தப்பட்டது. ஆனால் தேடிய பாதையைப் பதிவேட்டில் காட்டியிருந்தால், அந்தப் பிழை முதல்நாளே அம்பலமாகியிருக்கும்.

இடத்தைப் போலவே காலமும் இதில் முக்கியம். தற்காலிகத் தொடக்கக் கோப்புமுறையான இனிட்ராம்எஃப்எஸ் நிலையிலேயே டிரைவர் எழுந்துவிட்டால், உண்மையான வட்டு இன்னும் இணைக்கப்படாதிருக்கும். கோப்பு வட்டில் பத்திரமாக இருந்தும் -2 பிழையே கிட்டும். இதற்கு அஞ்சி ஃபர்ம்வேரைக் கெர்னலோடு சேர்த்தே கட்டிவிடுவோர் உண்டு. ஃபர்ம்வேர் மாறுந்தோறும் கெர்னலையே மறுபடி கட்டவேண்டிய சிரமம் ஒருபுறமிருக்க, ஜிபிஎல் உரிமத்துக்கு ஒவ்வாத ஃபர்ம்வேரைச் சேர்த்த கெர்னலைப் பிறருக்கு வழங்குவது அந்த உரிமத்தை மீறுவதாகலாம் என்று கெர்னலின் அமைப்புக் குறிப்பே எச்சரிக்கிறது. சொந்தக் கணினிக்கு அந்த வழி போதும். ஊருக்கெல்லாம் கெர்னல் கட்டித் தருபவர்கள் தேவையான கோப்பை இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சேர்ப்பதே தகும்.