யோகமும் கேவலமும்: ஒரு சொற்பொருளாராய்ச்சி

ஒரு சொல் ஒரு நூலிற் பெற்ற பொருளையே பிறிதொரு நூலினும் பெறும் எனத் துணிவது ஆராய்ச்சியன்று. பொதுவாய் வழங்குஞ் சொற்களைச் சமயநூல்கள் தத்தங் கொள்கைக்கேற்பக் குறியீடாக ஆளுகின்றன. ஆகலின், சொல் வடமொழியாயினுந் தென்மொழியாயினும், அதனை ஆண்ட நூலின் கருத்தை நோக்கியே பொருள் கோடல் வேண்டும்.

யோகநூற் சொற்களின் திறத்தில் இவ்வரம்பு இந்நாளிற் பெரிதும் நெகிழ்ந்துள்ளது. விவேகாநந்த சுவாமிகளின் இராஜயோகம் 1896-இல் வெளிவந்தபின் பாதஞ்சல சூத்திரம் உலகெங்கும் பரவிற்று. ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2014-இற் செய்த தீர்மானப்படி, 2015 முதல் ஜூன் 21 உலக யோக நாளாகக் கொண்டாடப்படுகின்றது. இப்பரவல் நன்றே. ஆயினும், அச்சூத்திரவழிப் பொருளொன்றையே நிரல்படுத்திய சொற்றொகுதிகளைக் கைக்கொண்டு, திருமுறைக்கும் மெய்கண்ட சாத்திரத்துக்கும் பொருள்காணப் புகுவது தீங்கு பயக்கும்.

யோகம் என்னுஞ் சொல்லை முதற்கண் நோக்குக. ‘யுஜ்’ என்னும் பகுதிக்குக் கூடுதல் என்பதும் சமாதி என்பதும் வடநூலார் வேறுவேறாகக் காட்டிய பொருள்கள். பாதஞ்சல சூத்திரத்துக்கு உரைகண்ட வியாசர், யோகமாவது சமாதி என்றே கொண்டார். பின்வந்த போஜராஜன், புருடனும் பிரகிருதியும் பிரியும் வியோகமே அந்நூலில் யோகமெனப்படும் என நயம்படக் கூறினான். பாசுபத சூத்திரத்துக்குக் கௌண்டின்யர் செய்த உரையோ, ஆன்மாவும் ஈசுவரனும் கூடுதலே யோகம் என்னும். அவ்வுரை 1940-இல் திருவனந்தபுரத்தில் அச்சேறியது. ஆகவே, பிரிவினைக் குறிக்கும் நூலும் கூட்டத்தைக் குறிக்கும் நூலும் ஒரு சொல்லையே வழங்குகின்றன. ‘யோகம் என்றால் இணைப்பு’ என ஒரு தொடரில் முடித்துவிடும் இக்காலத் தொகுதி, பதஞ்சலியார்க்கும் உரியதன்று, சித்தாந்தத்துக்கும் போதியதன்று.

சித்தாந்தத்தில் யோகம், சரியை கிரியைகட்கு மேலும் ஞானத்துக்குக் கீழும் வைக்கப்பட்ட மூன்றாம் நெறி. அதன் பயன் சாரூபம். சாயுச்சியம் ஞானத்தாலன்றி எய்தாது. அந்நெறிக்குச் சகமார்க்கம், அஃதாவது தோழமைநெறி, என்றும் பெயருண்டு. அதற்கு எடுத்துக்காட்டாகச் சைவமரபு காட்டுவது தம்பிரான் தோழராகிய சுந்தரமூர்த்தி நாயனாரை.

ஆவடியை அடுத்த வெள்ளானூர்ப் பக்கத்துள்ள அன்பர்க்கு இதனை உணர நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வடதிருமுல்லைவாயில் அவர்க்கு அண்மையிலுள்ள பாடல்பெற்ற தலம். திருவொற்றியூரிற் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவு பிழைத்தமையாற் கண்ணொளி இழந்த நாயனார், ஒற்றியூரை நீங்கி வந்து அத்தலத்திற் பதிகம் பாடினார் என்பது பெரியபுராண வரலாறு. யோகம் என்பது மனவலைவு ஒடுங்குதலே எனக் கொள்வார், துயர் களையுமாறு இறைவனை வேண்டிநின்ற ஒருவரை யோகநெறிக்கு முதல்வராக எங்ஙனம் வைப்பர்? தொகுதிப் பொருளால் இவ்வினாவுக்கு விடை இல்லை. தோழமை என்னும் பொருளாலோ விடை எளிது: துன்பத்தினும் இறைவனை விட்டுப் பிரியாது, அவனோடே வழக்காடியும் இரந்தும் நிற்கும் உறவே அங்கு யோகம்.

இனிச் சித்தம், புருடன் என்னுஞ் சொற்களுக்கும் ஒரு குறிப்புரை வேண்டும். பாதஞ்சலத்திற் சித்தம் என்பது உட்கருவி முழுவதையுஞ் சுட்டும். சித்தாந்தத்தில் அது மனம், புத்தி, அகங்காரம் என்பவற்றோடு எண்ணப்படும் அந்தக்கரணம் நான்கனுள் ஒன்று. பாதஞ்சலத்திற் புருடன் என்பது ஆன்மாவையே. சித்தாந்தத்திலோ முப்பத்தாறு தத்துவங்களுட் புருடதத்துவம் வித்தியாதத்துவம் ஏழனுள் ஒன்றாய் எண்ணப்படும். உயிர் அத்தத்துவங்கள் எல்லாவற்றின் வேறாயது. இவ்வேறுபாட்டை மறந்தோர், தத்துவத்தை உயிரெனவும், ஒரு கரணத்தின் அடக்கத்தைக் கரணங்கள் அனைத்தின் அடக்கமெனவும் மயங்குவர்.

இம்மயக்கம் பெருங்கேடாய் முடிவது கேவலம் என்னுஞ் சொல்லிடத்து. கேவலம் என்பது தனிமை. அப்பொருள் மாறுவதன்று, எது நீங்க எதனோடு நிற்குந் தனிமை என்பதே நூல்தோறும் மாறுவது. பாதஞ்சலத்தில் அது பிரகிருதி நீங்கப் புருடன் தன்னியல்பில் நிற்குந் தனிமை. கைவல்லியம் அந்நூலின் முடிந்த பயன். தமிழில் வேதாந்தங் கூறுங் கைவல்லிய நவநீதமும் அச்சொல்லை வீட்டின்பெயராகவே கொண்டது. சித்தாந்தத்திற் கேவலமோ, கருவிகளொன்றுங் கூடப்பெறாது, உயிர் ஆணவத்தோடு மட்டும் கிடக்கும் இருள்நிலை. அறிவு, இச்சை, செயல் மூன்றும் அங்கு விளங்கா. அதனின் எடுத்துத் தனுகரணங்களோடு கூட்டுதல் சகலம். மலம் வலியொடுங்க அருளோடு கூடுதல் சுத்தம். ஒரு நூலின் உச்சி மற்றொரு நூலின் அடித்தளத்தின் பெயராய் நிற்றல் காண்க.

இவ்வேறுபாடு சொல்லளவினதன்று. கேவலத்தில் உள்ளது மறப்பு. சகலத்தில் உள்ளது நினைப்பு. சுத்தம் இரண்டையுங் கடந்தது. நினைவற்றிருத்தலே முத்தி எனக் கொண்ட சாதகன், நினைப்பை விட்டு மறப்பிற் புகுந்து, அதனையே அருளென்று அமைந்துவிடுவான். இருளினின்று புறப்பட்டவன் இருளுக்கே மீள்கின்றான், மீண்டமையும் அறியான்.

அற்றேல், திருமூலர் திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்தில் எட்டங்கயோகம் உரைத்தாரன்றே? பதஞ்சலியார் தில்லையிற் கூத்துக் கண்ட முனிவராகச் சைவராற் போற்றப்படுகின்றாரன்றே? அவர்நூற் பொருளை விலக்குதல் தகுமோ எனின், ஈண்டு விலக்கப்படுவது அவர்நூலன்று. நூலெல்லை கடந்து பொருளைக் கலத்தலே. பதஞ்சலியார் உறக்கத்தையும் சித்தவிருத்தி ஐந்தனுள் ஒன்றாக எண்ணி அடக்கவேண்டும் என்றார். ஆதலின் வெறும் மறப்பு அவர்க்கும் உடன்பாடன்று. அங்கங்கள் ஒப்பினும் அவை சென்று முடியும் இடம் வேறு. தருக்கத்தை ஓரங்கமாகக் கூட்டி ஆறங்கம் என எண்ணும் ஆகமங்களும் உள. ஆண்டுத் தருக்கமாவது வழக்காடுதலன்று, கொள்வதுந் தள்ளுவதும் ஆய்ந்துணர்தல்.

முடிவாக, வீடு என்பது பாசநீக்கமும் சிவப்பேறும் ஆகிய இரண்டனையும் உடையது என்பது சித்தாந்தத் துணிபு. வியோகம் என்னும் பொருள் முன்னையதன் ஒருகூற்றைத் தொடும், பின்னையதைத் தொடாது. பிரகிருதி நீங்கினும், செம்பிற் களிம்புபோல் உயிரோடு உடன்நின்ற ஆணவம் தானே நீங்காது. அதனை நீக்குவது உயிரின் முயற்சியன்று, இறைவன் அருள். திருமுல்லைவாயிற் பெருமானுக்கு மாசிலாமணி என்பது திருப்பெயர். அநாதியே மலமிலியாகிய பதி வேறு, மலம் நீங்கப்பெறும் உயிர் வேறு என்னும் உண்மையை அப்பெயர் நினைப்பூட்டும். யோகநூற் சொற்களைப் பயில்வோர், ‘இச்சொல்லுக்குப் பொருள் யாது?’ என வினவுமுன், ‘இச்சொல் எந்நூலிற் கிடந்தது?’ என வினவுவாராயின், பயின்ற நூலும் விளங்கும். தம் நெறியும் பிழையாது.

திருச்சிற்றம்பலம்.