நாய் முழிக்கும் திருட்டு முழி

"நாய் வாங்கியிருக்கேன், எதைப் படிக்கலாம்?" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸின் 'இன்சைட் ஆஃப் எ டாக்' (2009). நாயைப் பழக்கும் கையேடு இல்லை இது. மூக்கை வைத்து நாய் உலகத்தை எப்படி அறிகிறது என்பதுதான் விஷயம். நடை அங்கங்கே இழுவை, பொறுத்துக்கொள்ளலாம். அதே ஆண்டு அவர் 14 நாய்களை வைத்துச் செய்த சோதனையும் வெளியானது. தின்பண்டத்தைத் தொடாத நாயும், உரிமையாளர் திட்டினால் திருட்டு முழி முழிக்கிறது! 'தப்பு பண்ணது அதுக்கே தெரியுது பாரு' என்று கை ஓங்குபவர்கள் யோசிக்கணும்.

கான்ராட் லோரன்ஸின் 'மேன் மீட்ஸ் டாக்' இதைவிடச் சுவாரசியம். ஆனால் பெரும்பாலான நாயினங்கள் நரியின் வழிவந்தவை என்கிறார். பின்னாளில் அவரே அதைக் கைவிட்டார். கோம்பை, சிப்பிப்பாறை என்று தேடுபவர்கள் நேராக தியடோர் பாஸ்கரனின் 'தி புக் ஆஃப் இந்தியன் டாக்ஸ்' (2017) பக்கம் போய்விடலாம்.