கடாரேயின் ‘கனவுகளின் மாளிகை’: ஒரு நோக்கு

அல்பேனிய நாவலாசிரியர் இஸ்மாயில் கடாரேயின் ‘கனவுகளின் மாளிகை’ 1981 இல் வெளிவந்து, சிறிது காலத்துள் தடைசெய்யப்பட்டது. கதை நிகழ்வது ஒட்டோமன் துருக்கியப் பேரரசிலாயினும், என்வர் ஹோஜாவின் ஆட்சி அதிலே தன் முகத்தைக் கண்டமை வியப்பன்று. குடிமக்களின் கனவுகளைத் திரட்டி, வகுத்து, சதியின் அறிகுறி தேடும் அரச அலுவலகமே நாவலின் களம்.

இதனைக் கொடுங்கோன்மையின் உருவகமாக மட்டும் கொள்வது போதுமானதன்று. அங்கு பணியாற்றும் மார்க்-அலெம், தாய்வழியில் அல்பேனிய வேர்கொண்ட குப்ரிலி குடும்பத்தவன். அக்குடும்பத்தார் விருந்தில் அல்பேனிய மொழியிற் பாட வந்த பாணர்கள் கொல்லப்படுகின்றனர். தாய்மாமன் குர்ட் சிரச்சேதம் செய்யப்படுகின்றான். இவ்வழிவுக்கு ஏதுவான கனவு மார்க்-அலெமின் கைகளினூடாகவே சென்றதாகும். அவனோ பதவியில் மேன்மேலும் உயர்கின்றான்.

இனத்தின் நினைவு பாட்டில் வாழ, அவ்வினத்தவனின் எழுதுகோலைக் கொண்டே அரசு அதனை அழிக்கின்றது. 1970 முதல் 1982 வரை மக்கள் பேரவை உறுப்பினராயிருந்த கடாரே, அரச இயந்திரத்தை அருகிருந்து அறிந்தவர். குர்ட் போன்ற துணைப்பாத்திரங்கள் முழுமை பெறாமை குறையே. எனினும், ஆணைக்குப் பணிந்த எழுதுவினைஞனை அப்பாவியென விடுவிக்க மறுக்கும் நேர்மையே இந்நாவலுக்குக் கனதி சேர்க்கின்றது எனலாம்.